படிக்காமல் போட்ட பத்து மதிப்பெண்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் என்பது, தாமதமாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, மின்விசிறிக்கு நேராக ஓர் இடம் பிடிப்பதற்காகத் திருச்சபை பெரிய மனது வைத்து ஒதுக்கிக் கொடுத்த நேரம் என்றுதான் நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வாசகம் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும். எல்லாரும் உட்கார்ந்தே கேட்பார்கள். நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்பார்கள். நின்று கேட்பது முக்கியம், உட்கார்ந்து கேட்பது அவ்வளவு முக்கியமில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சினிமாவில் பெயர் ஓடும்போது உள்ளே வந்தால் கதை புரியாமலா போய்விடும்?

இதைச் சாதாரண ஆள் நம்பியிருந்தால் பரவாயில்லை. நான் சம்பளம் வாங்கியதே தபால்வழி விவிலியப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்துவதற்குத்தான்.

போன மாதம் பிரின்சி வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். தபாலில் போய்க்கொண்டிருந்த பாடங்கள் எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டன. விடையைத் தொட்டால் பச்சை, தப்பாகத் தொட்டால் சிவப்பு. திருத்துவதற்கு ஆள் தேவையில்லை என்று ஆனபோது, ஐம்பத்தைந்து வயதில் நானே விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"அங்கிள், பாதிப் பேரு பழைய ஏற்பாட்டுலயே நின்னுடறாங்க. அந்தப் பகுதிய விருப்பப் பாடமா மாத்திடலாம்னு கமிட்டியில பேச்சு. எனக்கு மனசில்ல. கிறிஸ்தவங்க அத ஏன் படிக்கணும்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

"நானா? வேற ஆள் கெடைக்கலையா?"

"நீங்கதானே இருபது வருஷத்துக்கு மேல திருத்துனீங்க!"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

அந்த அலுவலகம் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. இருபத்து நான்கு வயதில் உறைகளுக்குத் தபால்தலை ஒட்டுகிறவனாகச் சேர்ந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக முகவரி எழுத வைத்தார்கள். முகவரியில் தப்பு வரவில்லை என்பதற்காகத் திருத்துநர் ஆக்கினார்கள். விவிலியம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானாக எதற்குச் சொல்லப் போகிறேன்?

பாடங்கள் இருபத்து நான்கு. பன்னிரண்டு பழைய ஏற்பாடு, பன்னிரண்டு புதிய ஏற்பாடு. தமிழ்நாடு முழுக்க ஆட்கள் எழுதினார்கள். கத்தோலிக்கர்கள், மற்ற சபைக்காரர்கள், சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று எழுதும் இந்துக்கள், எல்லாரும் உண்டு.

எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் ரெஜினா. நாலே முக்கால் அடி உயரம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொள்வார். "உன்னைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை" என்று அதற்கு அர்த்தம். கண்ணாடி ஏறியிருக்கும்போது அவருக்கு நாம் வெறும் கலங்கலாகத்தான் தெரிவோம். ஆனாலும் நமக்கு வேர்க்கும்.

அவர் வகுத்த முறை இது. தபால் பத்து மணிக்கு வரும். உறையை இடப்பக்கம்தான் கிழிக்க வேண்டும். பின்பக்கம் அனுப்புநர் முகவரி இருக்கும், அதில் கை படக்கூடாது. விடைத்தாளுக்கு எண் போட வேண்டும். பிறகு இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை பென்சிலோடு: நமக்குப் புரியாத இடத்தில், நமக்கே தெரியாத செய்தி வரும் இடத்தில், ஒரு சின்னக் கோடு. கோடு போட்ட இடத்தையெல்லாம் விவிலியத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் சிவப்பு மை. கடைசியில் மதிப்பெண் சீட்டில் எழுதியவருக்கென்று ஒரு வரி. சீட்டு தபாலில் போகும். விடைத்தாள், அவர் பாடத்தை முடிக்கும்வரை எங்கள் அலமாரியில் இருக்கும்.

"பென்சில் நமக்கு, சிவப்பு அவங்களுக்கு" என்பார் சிஸ்டர்.

புதிய ஏற்பாட்டுத் தாள்களை நான் ஒழுங்காகத்தான் படித்தேன், எல்லாம் தெரிந்ததுதானே என்று பென்சிலை மட்டும் எடுக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறது. பழைய ஏற்பாட்டுத் தாள்களுக்கு என்னிடம் தனி முறை இருந்தது. சின்னக் கேள்விகளுக்கு விடைக்குறிப்பு உண்டு, பார்த்துப் போட்டுவிடலாம். ஒவ்வொரு பாடத்தின் கடைசிக் கேள்வி "உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுக" என்று வரும். அதற்குக் குறிப்பு கிடையாது. நான் சாண் வைத்து அளந்தேன். ஒரு சாண் எழுதியிருந்தால் ஆறு. பக்கம் நிறைந்திருந்தால் எட்டு. அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தால், பாவம், கை வலிக்க எழுதியிருக்கிறாரே என்று பத்து. என்னிடம் மூன்று வாசகங்கள் தயாராக இருந்தன. ஆறுக்கு "இன்னும் முயலவும்." எட்டுக்கு "நன்று." பத்துக்கு "மிக நன்று. இப்படியே தொடரவும்." அழகான கையெழுத்து வேறு. யாரும் புகார் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

ஒரு புதன்கிழமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"சவரி சார், உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேசைமேல் ஒரு கடிதம், நான் எழுதி அனுப்பிய ஒரு மதிப்பெண் சீட்டு, அலமாரியிலிருந்து எடுத்த ஒரு விடைத்தாள்.

"இந்தத் தாள படிங்க. கடைசிக் கேள்விக்கு உள்ள பதிலு. சத்தமா."

ஸ்ரீரங்கத்திலிருந்து அந்தோணிசாமி என்பவர் எழுதியது. தண்ணீர் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். 'கடவுளோடு பேசிய உங்கள் அனுபவம் ஒன்றை எழுதுக' என்பது கேள்வி. நான் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"பத்து மாதத்துக்கு முன்னால் என் மகள் ஜெனிபர் காய்ச்சலில் இறந்துபோனாள். நாலே நாள். நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்..."

அங்கேயே நிறுத்திவிட்டுச் சிஸ்டரைப் பார்த்தேன்.

"படிங்க" என்றார் சிஸ்டர்.

"அன்றிலிருந்து நான் கடவுளோடு பேசுவது ஒன்றே ஒன்றுதான். திட்டுகிறேன். கடையில் மோட்டார் ஓட விட்டுத் திட்டினால் வெளியே கேட்காது. நீ இருக்கிறாயா என்று கேட்கிறேன். இருந்தால் அந்த நாலு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறேன். கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கையில் கல்லை வைத்துக்கொண்டு கும்பிட முடியாது."

ஒன்றரைப் பக்கம். கீழே என் அழகான சிவப்புக் கையெழுத்தில் பத்துக்குப் பத்து. சீட்டில்: மிக நன்று. இப்படியே தொடரவும்.

அந்த நேரத்தில் நான் எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலை கிடைக்குமா, மறுபடி தபால்தலை ஒட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் மனசு ஓடியது. சிஸ்டர் என் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த பென்சிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதுப் பென்சில்போல முழு நீளத்தில் இருந்தது. அதன் தங்க எழுத்துகூட அழியவில்லை.

"இது எப்ப குடுத்தது?"

"நான் திருத்துநர் ஆனப்ப குடுத்தது சிஸ்டர்."

"ஒம்பது வருஷம்."

"ஆமாங்க சிஸ்டர்."

"நல்ல பென்சில்" என்றார். பிறகு பென்சிலையும் கடிதத்தையும் என் பக்கம் தள்ளினார்.

அந்தோணிசாமியின் கடிதம் சின்னது. "ஐயா, அப்படிப் பேசாதே, பாவம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் தொடரச் சொன்னீர்கள். விவிலியத்தில் இதற்கு எங்கே ஆதாரம் இருக்கிறது? இந்த மாதக் கடைசியில் மகளுக்கு முதலாம் ஆண்டுப் பூசை. மனைவி வரச்சொல்லி அழுகிறாள். ஆதாரம் இருந்தால் வருவேன். இல்லையென்றால் எனக்கு அங்கே வேலை இல்லை."

"மார்க் நீங்க போட்டீங்க" என்றார் சிஸ்டர். "ஆதாரமும் நீங்களே குடுங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல போயி."

"சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தீங்கன்னா..."

"எத்தன பேரு தாள திருத்தியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மூன்று நாள் இருந்தது. அன்று மாலையே விவிலியத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த இடம், கூடாரத்துக்குத் திரை எத்தனை முழம் என்று சொன்னது. அடுத்து வைத்த இடம் யார் யாரைப் பெற்றார் என்று சொன்னது. துக்கத்தில் இருக்கிறவரிடம் போய்த் திரைச்சீலை அளவைச் சொல்ல முடியுமா? என் மனைவி ரோஸி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பழைய ஏற்பாடெல்லாம் படிக்கிறீங்க? உடம்புக்கு எதும் முடியலையா?"

மறுநாள்தான் அந்த யோசனை வந்தது. நமக்குத் தெரியாவிட்டால் என்ன, எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமே? அலமாரியைத் திறந்து, நான் சாண் போட்டுத் தள்ளிய தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். திருத்துநர் ஒருவர், தான் மதிப்பெண் போட்ட தாள்களைப் பார்த்துக் காப்பியடிப்பது இந்தத் தொழிலில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அப்போதுதான் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் தாள் கிடைத்தது. முருகேசன் என்று பெயர். திருப்பாடல்களைப் பற்றிய பாடத்துக்கு எழுதியிருந்தார். "இந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் சாமியிடம் புகார் சொல்வதாகவே இருக்கின்றன. தூங்குகிறாயா, எழுந்திரு என்றுகூட ஒரு பாட்டில் கேட்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்துவிட்டது. மழை தவறினால் நாங்களும் சாமியோடு சண்டை போடுவோம். சாமியே இல்லை என்பவன் சண்டை போடமாட்டான். வீட்டில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துதானே கதவை அந்தத் தட்டுத் தட்டுகிறோம்."

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆறு போட்டிருந்தேன். இன்னும் முயலவும் என்று வேறு எழுதியிருந்தேன்.

அந்தத் தாளில் அவர் குறித்திருந்த திருப்பாடல் எண்களைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒன்று இன்னொன்றுக்கு வழி காட்டியது. யோபுவின் புத்தகத்துக்குப் போனேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அத்தியாயம் அத்தியாயமாகக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். "அப்படிப் பேசாதே" என்று பக்கத்தில் இருந்த நண்பர்கள் நல்ல நல்ல வார்த்தையாகச் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நல்ல வார்த்தைக்காரர்களிடம்தான். நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது. சட்டைப்பையில் கை விட்டேன். பென்சில் இருந்தது. கோடு போட்டேன்.

பிறகு, சிலுவையில் இயேசு ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறினாரே, அதுவும் ஒரு திருப்பாடலின் முதல் வரி என்று இன்னொரு தாளில் ஒரு டீச்சர் எழுதியிருந்தார். பெரிய வெள்ளிதோறும் கேட்டுக் கண் கலங்கிய வரி. அது அவர் அந்த நேரத்தில் சொன்னது என்றே நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து ஜெபித்த பாட்டை அவர் மறுபடி சொல்லியிருக்கிறார். அவர் கையில் புதிய ஏற்பாடு கிடையாது. அவர் படித்தது, பாடியது, மேற்கோள் காட்டியது எல்லாம் நான் வண்டி நிறுத்தும் நேரத்தில் வாசிக்கப்பட்ட அந்தப் பகுதிதான். யூதர்கள் இன்றைக்கும் அதைத் தங்கள் முழு மறைநூலாக ஓதுகிறார்கள். நான் அதை முன்னுரை என்று தள்ளிவைத்திருந்தேன். நன்றி சொல்லவும் வேண்டிக்கொள்ளவும் மட்டும் பழகிவிட்டு, கேள்வி கேட்கப் பழகாத கிறிஸ்தவனாக இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் பழுதாகி நின்றுவிடாதா என்று வேண்டினேன். பஸ் நன்றாக ஓடியது. கடவுளிடம் புகார் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கான முறை இப்போதுதான் எனக்குத் தெரிய வந்திருந்தது.

கடைவீதியில் பூஜைச் சாமான் கடைக்காரரிடம் வழி கேட்டேன். நெற்றியில் பளிச்சென்று திருமண். "யாரு, நம்ம மோட்டார் அந்தோணியா? நேராப் போய் கொள்ளிடம் போற ரோட்டுல எடது பக்கம். பொண்ணு போனதுலேந்து யாரோடயும் பேசறதில்லை. நீங்க பேச வெச்சா பெருமாள் உங்களை நன்னா வெச்சிருப்பார்" என்றார். விவிலியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் காட்டிய பக்கம் நடந்தேன்.

கடையை ஒட்டியே வீடு. அந்தோணிசாமி என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கையெல்லாம் வார்னிஷ் வாசம். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். அவர் மனைவி ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

"நேர்லயே வந்துட்டீங்களா சார்? இத்தன பேரு எழுதுறதுல என் தாள மட்டும் எப்படி சார் கவனிச்சீங்க?"

நான் பஸ்ஸில் ஒரு பிரசங்கம் தயார் செய்திருந்தேன். உங்கள் எழுத்தில் ஓர் உண்மை தெரிந்தது என்று அது தொடங்கும். வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கவனிக்கலங்க" என்றேன்.

"என்னா சார்?"

"உங்க பதில நான் படிக்கவே இல்லீங்க. நீளமா இருந்துச்சு. நீளமா இருந்தா பத்து போடுவேன். பத்து போட்டா அந்த வரிய எழுதுவேன். அவ்வளவுதான்."

ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தோணிசாமி நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த செம்புக் கம்பியை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். அதை என் தலையில் போடுவார் என்று எதிர்பார்த்தேன். எந்தப் பக்கம் குனியலாம் என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

"ஒரு மாசமா அந்தச் சீட்ட பையில வெச்சிட்டிருக்கேன் சார்" என்றார். "ஒருத்தனாவது படிச்சான், படிச்சுட்டும் என்னைத் திட்டலன்னு."

"மன்னிச்சிடுங்க."

கம்பி முழுவதும் விரலில் ஏறிவிட்டது.

"சரி, இப்ப படிச்சீங்களா?"

"படிச்சேங்க. சத்தமா படிக்க வெச்சாங்க. பெறகு நானாவும் படிச்சேன்."

"இப்ப எத்தன போடுவீங்க?"

இந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பு கிடையாது. "அதே பத்துதாங்க" என்றேன். "ஏன்னு காட்டறேன்."

விவிலியத்தைத் திறந்து பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தூங்குகிறாயா என்று கேட்ட பாட்டு. வழக்குப் போட்ட யோபு. சிலுவையில் சொல்லப்பட்ட பாட்டு. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் விரல் வைத்து, மோட்டாரில் கருகிய சுற்று எங்கே என்று தேடுகிற மாதிரி படித்தார். கடைசியாக எண்பத்தெட்டாம் திருப்பாடலைக் காட்டினேன். முழுக்கப் புலம்பல். இருட்டில் போய் முடிகிறது.

"இது கடைசில சமாதானம் ஆகலையே சார்?"

"ஆகலைங்க. நானும் பக்கத்த திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன்."

"ஆனாலும் உள்ள வெச்சிருக்காங்க."

"வெச்சிருக்காங்க. கோவில்ல பாடவும் செஞ்சிருக்காங்க."

"கோவில்லயா?" என்று கேட்டது ஸ்டெல்லா. "இதயே பாடலாம்னா இவரு எதுக்கு மோட்டார போட்டுட்டுத் திட்டணும்? அங்கயே வந்து கேக்கலாம்ல?"

அந்தோணிசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "காபி ஆறுது சார்" என்றார்.

திங்கட்கிழமை சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட இடம் வந்ததும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். அலமாரியில் இருந்த பழைய ஏற்பாட்டுத் தாள்கள் அத்தனையையும் மறுபடி திருத்தச் சொன்னார். எட்டு மாதம் ஆயிற்று. முருகேசனுக்குப் புதுச் சீட்டில் பத்து போட்டு, உங்களிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன் என்று எழுதினேன்.

மாதக் கடைசியில் அந்த ஆண்டுப் பூசைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். அந்த மனுஷன் வந்து சத்தம் போட்டு, உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பங்குச்சாமி கேட்டு, மொத்தக் கோவிலும் என்னைத் திரும்பிப் பார்ப்பதாக மூன்று இரவு கனவு கண்டிருந்தேன். வெளியே ஓடுவதற்கு வசதியாகத்தான் அந்த இடம்.

நடந்தது இதுதான். அந்தோணிசாமி வந்தார். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பங்குச்சாமி, அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்து, இறந்துபோன ஜெனிபரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றபோது, அந்தோணிசாமி எழுந்து நின்று, "ஏன் சாமி?" என்று பீடத்துக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்துக் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது. பங்குச்சாமி நிறுத்தினார். அவர் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார். அந்தோணிசாமியை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவரும் பூசை முடியும்வரை போகவில்லை.